காலை நேரத்து நடுக்கம்

பழைய ஹைபிரிட் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சேதி

என் தங்கை மகன் சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மாதம் இரண்டு முறை பாலத்தைக் கடந்து, கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தாய் தந்தையரைப் பார்த்து வருவான். பஸ்ஸில் அலைந்து அலுத்துப்போய், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினான். வாங்கும்போதே அதற்கு வயது 11. "பெட்ரோலே குடிக்காது மாமா. பாலத்து நெரிசல்ல நின்னாலும் எஞ்சின் சும்மா இருக்கும்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை. ஓராண்டுக் காலம் கார் சொன்னபடி கேட்டது.

பிறகு ஒரு நாள் காலையில் எஞ்சின் கிளம்பியபோது கார் முழுவதும் கடகடவென்று ஆடியது. அரை நிமிடம்தான். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் அமைதியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. பட்டறைக்குக் கொண்டு போனான். அங்கிருந்தவர் எதையும் திறந்து பார்க்காமல், "ஹைபிரிட் கார்தானே, பேட்டரி போயிருக்கும்" என்றார். தங்கை கட்டி வந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். பேட்டரி மாற்றியாயிற்று. நடுக்கம் மட்டும் போகவில்லை.

பொங்கலுக்குத் தோட்டத்திற்கு வந்தவன், மறுநாள் விடியற்காலையில் காரைக் கிளப்பினான். என் மச்சான் வாசலில் தேநீர்க் குவளையுடன் உட்கார்ந்திருந்தார். 28 ஆண்டுகள் தோட்டத்து லோரி ஓட்டியவர் அவர். சத்தத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"தம்பி, இது பேட்டரி சத்தம் இல்லடா. தண்ணி குறையுதான்னு பார்த்தியா?"

"இதுல தண்ணியெல்லாம் பார்க்க வேணாம்பா. இது ஹைபிரிட்டு."

"பெட்ரோல் ஊத்துறியா இல்லையா? பெட்ரோல் ஊத்துனா எஞ்சின் இருக்கு. எஞ்சின் இருந்தா தண்ணி இருக்கு. மூடியத் திற."

திறந்து பார்த்தார்கள். எஞ்சின் கூலன்ட் டப்பாவில், குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே ஏதோ கொஞ்சம் கிடந்தது. காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று?

ஹெட் காஸ்கெட் வழியாக எஞ்சினுக்குள் போயிருந்தது.

எப்படி வந்தன இத்தனை ஹைபிரிட் கார்கள்?

2011 ஜனவரி 1 முதல், 2000 சி.சி.க்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் அரசாங்கம் முழுமையாக விலக்கியது. ஓராண்டுக்கென்று வந்த அந்தச் சலுகை 2013 இறுதிவரை நீடித்தது. நூறாயிரம் வெள்ளிக்கும் குறைவான விலையில் ஹைபிரிட் கார்கள் கிடைத்த காலம் அது. டொயோட்டா பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைபிரிட் என்று பட்டணத்துச் சாலைகளில் நிறைந்தன. அன்று வாங்கியவர்கள் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள். பத்து வயதைத் தாண்டிய அந்தக் கார்கள்தாம் இன்று பழைய கார் கடைகளில் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் விலையில் நிற்கின்றன.

வாங்குகிற எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயத்தில் எஞ்சினை மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், அதே 1.8 லிட்டர் எஞ்சினைக் கொண்ட லெக்சஸ் சி.டி.200எச் ஆகியவற்றில் கிலோமீட்டர் ஏற ஏற ஹெட் காஸ்கெட் பழுதாவதைப் பல நாட்டுப் பட்டறைக்காரர்களும் நன்கு அறிவர்.

குக்கர் வளையமும் காஸ்கெட்டும்

வீட்டில் குக்கர் வைக்கும் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் நைந்துபோனால் ஆவி பக்கவாட்டில் சீறும். காரின் எஞ்சினுக்கும் அப்படி ஒரு பாத்திரமும் மூடியும் உண்டு. கீழே பிளாக், மேலே ஹெட். இரண்டுக்கும் நடுவில் இருப்பது காஸ்கெட். இது ரப்பர் அன்று, மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்தது. பெட்ரோல் வெடிக்கும் சிலிண்டர், கூலன்ட் ஓடும் வழி, எண்ணெய் ஓடும் வழி மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அதன் வேலை.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் அலுமினிய ஹெட் லேசாக வளைந்துவிடும். காஸ்கெட்டின் பிடி ஓரிடத்தில் தளரும். முதலில் மயிரிழை அளவு வழிதான். பகலில் ஓடும்போது தெரியாது. இரவில் கார் நிற்கும்போது, அழுத்தம் இன்னும் குறையாத கூலன்ட் அந்த வழியே ஒரு சிலிண்டருக்குள் கசிந்து தேங்கும். காலையில் எஞ்சின் கிளம்பும்போது அந்தச் சிலிண்டர் மட்டும் சரியாக எரியாது. அதுதான் அந்த அரை நிமிட நடுக்கம். தண்ணீர் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போனதும் எஞ்சின் சீராகிவிடும், நாமும் மறந்துவிடுவோம்.

சாதாரணக் காரைவிட ஹைபிரிட் காரில் இது ஆபத்தானது. சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை மெதுவாகத்தான் சுற்றும். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் திணறி நின்றுவிடவும் கூடும். பிரியஸ் காரில் எஞ்சினைச் சுற்றுவது பலம் மிக்க மின்மோட்டார். நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,000 சுற்று வேகத்திற்கு ஒரு நொடியில் கொண்டு போய்விடும். தண்ணீர் அமுங்காத பொருள். மோட்டாரும் விடாது, தண்ணீரும் விடாது. நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளையும். பிறகு காஸ்கெட் செலவோடு நிற்காது, எஞ்சினே போய்விடும். என் தங்கை மகனுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

புகை செய்யும் வினை

எஞ்சின் ஏன் அளவுக்கு மீறிச் சூடேற வேண்டும்? இதற்குப் பழுது பார்ப்போர் அனுபவத்தில் சொல்லும் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காசு மிச்சமாகும் இடம் இதுதான்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக இந்த எஞ்சினில் ஓர் ஏற்பாடு உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, கூலன்ட் ஓடும் சிறு குளிர்விப்பான் வழியாகச் சூட்டைக் குறைத்து, மீண்டும் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறார்கள். பட்டறையில் இதனை 'ஈ.ஜி.ஆர்.' என்பார்கள். எரிந்து முடிந்த புகை மீண்டும் எரியாது. அது உள்ளே கலந்திருப்பதால் வெடிப்பின் சூடு மட்டுப்படும். நல்ல யோசனைதான்.

ஆனால் புகை என்றால் கரி உண்டே! ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில காலத்தில் சுவரும் கூரையும் எப்படிக் கறுத்துத் தடித்துப்போகும் என்று. அந்தச் சிறு குளிர்விப்பானின் நுண்ணிய வழிகளிலும் அதே கரிதான் ஆண்டுக்கணக்கில் படிகிறது. அங்கிருந்து நான்கு சிலிண்டர்களுக்கும் பிரியும் துளைகளிலும் படிகிறது. நான்கும் ஒரே அளவாக அடைபடுவதில்லை. புகை கிடைக்காத சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக எரியும். அந்த இடத்து காஸ்கெட் நாளெல்லாம் கூடுதல் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. வழி பெருமளவு அடைபட்ட பிறகுதான் மஞ்சள் விளக்கு எரியும்; அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

ஆகவே ஈ.ஜி.ஆர். குளிர்விப்பான், அதன் வால்வு, இன்டேக் மேனிஃபோல்டு மூன்றையும் கழற்றிக் கரியை நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பல பட்டறைக்காரர்கள் சொல்லும் கணக்கு. காரின் வழக்கமான சர்வீஸ் அட்டையில் இது இருப்பதில்லை. கேட்டுத்தான் செய்ய வேண்டும். முந்திய உரிமையாளர் செய்தாரா என்று தெரியாத கார் என்றால், செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திரவத்தைத் தெளித்துவிட்டு 'சுத்தம் செய்தாயிற்று' என்பவரிடம் ஏமாந்துவிடாதீர்கள். குளிர்விப்பானைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்து வெளிச்சம் மறுபக்கம் தெரிய வேண்டும்.

எஞ்சின் எண்ணெய்க்கும் இதில் பங்கு உண்டு. பட்டறையில் நாம் 'மினியாக் ஈத்தாம்' என்கிறோமே, அதுதான். வயதான எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கினால் அந்த எண்ணெயும் எரிந்து கரியாகும், அடைப்பு விரைவாகும். மாதம் ஒருமுறையாவது அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அதற்குள் மாற்றிவிடுங்கள். பாலத்து நெரிசலில் தினமும் நிற்கும் கார் என்றால் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது.

தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் அன்று

பிரியஸ் காரில் வேகம் காட்டும் எண் உண்டு, பேட்டரி அளவு உண்டு, எத்தனையோ படங்கள் ஓடும். எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் மட்டும் இல்லை! எல்லை தாண்டிய பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும், அவ்வளவுதான். ஆகவே கூலன்ட் டப்பாவே உங்களுக்கு முள்.

அதில் இரண்டு டப்பாக்கள் இருக்கும். ஒன்று எஞ்சினுக்கு, மற்றொன்று மின்சாரத்தை மாற்றும் இன்வெர்ட்டருக்கு. இரண்டிலும் ஊற்றுவது ஒரே இளஞ்சிவப்பு நிறத் திரவம். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்று நிறைந்திருப்பதாக நினைத்து ஏமாறுவோர் உண்டு. எது எஞ்சினுடையது என்று பட்டறைக்காரரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் காரை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் நிற்பதனால் அணைந்துவிட்டது என்று பொருளில்லை. 'ரெடி' என்ற விளக்கு எரிந்தால் எந்த நொடியிலும் எஞ்சின் தானே கிளம்பும். ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது வீட்டு மின்சாரத்தைவிட உயர்ந்த மின்னழுத்தம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்களை நம் தோட்டங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த எச்சரிக்கை இந்தக் காருக்கும் பொருந்தும்.

டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்டை எஞ்சினுக்கு முதல்முறை 160,000 கிலோமீட்டரிலும், அதன் பின் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறார்கள். பழைய கார் வாங்கியவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்காமல் இப்போதே மாற்றிவிடுவது மேல். குழாய்த் தண்ணீர் ஊற்றுவது நம்மவரிடம் உள்ள பழைய வழக்கம். வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம், தவறில்லை. அதையே வாடிக்கையாக்கினால் அலுமினியம் உள்ளே அரிக்கும், கொதிநிலையும் குறையும். மாற்றியபின் உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு மூடியை மாட்டி அனுப்பிவிடும் இடத்தில் மாற்றாதீர்கள். குமிழி நின்ற இடத்தில் எஞ்சின் வேகும்.

பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இன்னொன்று. இந்தத் திரவம் பார்ப்பதற்கு ரோஸ் சீராப் போலவே இருக்கும், இனிக்கவும் செய்யும். கொடிய விஷம். மிச்சத்தைக் குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி அடுக்களையில் வைத்துவிடாதீர்கள். கீழே சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; நாயும் பூனையும் நக்கும்.

ஈ.ஜி.ஆர். குளிர்விப்பானைக் கழற்றுவதற்கு எப்படியும் கூலன்டை வடிக்கத்தான் வேண்டும். ஆகவே இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யச் சொன்னால் ஒரு கூலி மிச்சம். அப்போதே தண்ணீர்ப் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் அது பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. பெல்ட் கத்துவதுபோல் இது முன்கூட்டிக் கத்தாது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர், விசிறி, தெர்மோஸ்டாட் மூன்றும் சின்ன சாமான்கள். அவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். செம்மண் சாலையில் தோட்டத்துக்குள் போய் வரும் கார் என்றால் ரேடியேட்டர் முகத்தில் அப்பியிருக்கும் தூசியையும் பூச்சியையும் மெல்லத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

ஹோண்டாவின் ஹைபிரிட் கார்களின் அமைப்பு வேறு. மேலே சொன்ன புகைக் கதையை அவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தண்ணீர்ப் பாடம் எல்லாக் காருக்கும் ஒன்றே.

நடுக்கம் வந்துவிட்டால்?

காலை நடுக்கம் எல்லாமே காஸ்கெட் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பிளக் அல்லது காயில் கெட்டிருக்கலாம். அது சில நிமிட வேலை. ஆனால் நடுக்கத்தோடு கூலன்டும் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். பட்டறையில் கணினியை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி0300 முதல் பி0304 வரையிலான எண்கள் வந்தால் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஹைபிரிட் பேட்டரி தேய்ந்துபோனால் வருவது பி0ஏ80. எண்ணைக் காட்டாமல் பேட்டரியை மாற்றச் சொன்னால் வேறு பட்டறையைப் பாருங்கள். என் தங்கை மகன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவன் தாயின் சீட்டுப் பணம் தப்பியிருக்கும்.

காஸ்கெட்டை உறுதிசெய்யப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்பதில்லை. கூலன்ட் வழியில் காற்றழுத்தம் கொடுத்து இரவு முழுவதும் விட்டு, காலையில் பிளக்கைக் கழற்றிச் சிறு கேமரா விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் பட்ட பிஸ்டனின் தலை மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். கூலன்டுக்கு மேலே உள்ள காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. எஞ்சின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

உறுதியானபின் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று ஓட்டாதீர்கள். அடைப்பு மருந்து என்று கடையில் விற்பதை ஊற்றாதீர்கள். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, ரேடியேட்டரின் நுண்ணிய வழியையும் அடைக்கும். ஹெட்டைக் கழற்றி, சமமாக இருக்கிறதா என்று அளந்து, வளைந்திருந்தால் இழைத்து, புதிய காஸ்கெட்டும் புதிய போல்ட்டும் போட்டு மூட வேண்டும். டாப் ஓவர்ஹால் என்பது இதுதான். இத்தனையும் செய்துவிட்டு ஈ.ஜி.ஆரைச் சுத்தம் செய்யாமல் விட்டால், புதிய காஸ்கெட்டுக்கும் பழைய கதிதான்.

சிலர் ஹாஃப்-கட் கடையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினை வாங்கிப் போடுவதுண்டு. சில சமயம் அதுவே மலிவு. ஆனால் அந்த எஞ்சினுக்கும் அதே வயது, உள்ளே அதே கரி. மாட்டுவதற்கு முன்பே சுத்தம் செய்துவிட வேண்டும்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: காரை மாலையில் போய்ப் பார்க்காதீர்கள். காலையில் போங்கள். "நான் வரும்வரை கிளப்பாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ கிளப்பி நடுக்கத்தைப் போக்கிவிட்டார் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்திருந்தால் கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, கிளப்பச் சொல்லி ஒரு நிமிடம் வாய் பேசாமல் கேளுங்கள். புஸ்பகோம் சோதனையில் தேறியதென்று விற்பவர் தாளைக் காட்டுவார். அங்கே எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பினாங்குத் தீவில் வாங்குபவர்கள் கம்பளத்தைத் தூக்கி அடியில் மண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ.

தங்கை மகனின் காருக்கு ஜெலுத்தோங்கில் வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தார்கள். ஈ.ஜி.ஆர். குளிர்விப்பானையும் அவனிடம் எடுத்துக் காட்டினார்கள். வெளிச்சம் தெரியவில்லை. பேட்டரிக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் மறுபடியும் செலவு. கார் இப்போது நன்றாக ஓடுகிறது.

வேலை முடிந்து முதல் தடவை தோட்டத்துக்கு வந்தபோது மச்சான் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, கூலன்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கை பினாங்குக்குப் போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்று தங்கை கேட்டு முடித்ததும் போனை வாங்கிக்கொள்கிறார்.

"தம்பி, கோடு எங்க நிக்குது?"